காலி சீட் நிறைய இருக்கு, உக்கார இடமில்லை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் காந்திபுரத்துல சத்தி பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைச்ச சந்தோஷத்துல சும்மா வேடிக்கை பார்த்துட்டு இருந்தப்போ ஒரு குடும்பம் ஏறுச்சு. அப்பா, அம்மா, அஞ்சு வயசுப் பொண்ணு. பஸ்ல எண்ணிப் பார்த்தேன், ஏழு சீட் காலி. ஆனா அவங்க மூணு பேரும் கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. ஏன்னா அந்த ஏழும் ஏழு வரிசையில ஒண்ணு ஒண்ணா கிடக்கு. பொண்ணு அம்மாவை விட்டு உக்கார மாட்டேங்குது, அம்மா யாரோ ஒரு ஆம்பளை பக்கத்துல உக்கார யோசிக்கிறாங்க.

கண்டக்டர் வந்தார். "சார் நீங்க முன்னாடி சீட்டுக்குப் போங்க, தம்பி நீ இப்படி இவர் பக்கத்துல வா" அப்படின்னு ரெண்டு பேரை எழுப்பி மாத்தி உக்கார வெச்சார். மூணு சீட் சேர்ந்தாப்ல கிடைச்சிருச்சு. மொத்தமே ஒரு நிமிஷம்.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா இதே பிரச்சனை ஆபீஸ்ல மூணு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது. அதோட விட்டிருந்தா பரவாயில்லை, ஒரு பையனை எல்லார் முன்னாடியும் திட்டவும் வெச்சது. அதைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வரணும், பொறுத்துக்கோங்க.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ப்ளேஸ்மெண்ட்-ன்னா ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு கேம்பஸ் ப்ளேஸ்மெண்ட். இன்னொண்ணு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல நிச்சயமா வர்ற ப்ளேஸ்மெண்ட் அல்காரிதம். மெமரியில இங்கங்க ஓட்டை ஓட்டையா காலி இடம் இருக்கும், புதுசா ஒரு ப்ராசஸ் வரும், அதை எந்த ஓட்டையில வைக்கிறது? இதான் கேள்வி. மொதல்ல கண்ணுல பட்டு, பத்துற அளவுக்கு இருக்கிற ஓட்டையில வெச்சா ஃபர்ஸ்ட் ஃபிட். எல்லாத்தையும் அளந்து பார்த்து, பத்துறதுலயே சின்ன ஓட்டையா எடுத்தா பெஸ்ட் ஃபிட். இருக்கிறதுலயே பெரிய ஓட்டையில வெச்சா வொர்ஸ்ட் ஃபிட். போன தடவை தேடி நிறுத்தின இடத்துல இருந்து தேட ஆரம்பிச்சா நெக்ஸ்ட் ஃபிட். நாலு படம் போட்டு கணக்கை முடிச்சா முழு மார்க். நானும் வாங்கினேன்.

பேரைக் கேட்டாலே எது நல்லதுன்னு தோணுது? பெஸ்ட் ஃபிட் தானே? பேர்லயே பெஸ்ட் இருக்கே! இங்கதான் சூது. ஒரு குட்டிக் கணக்கு பாருங்க. ரெண்டு ஓட்டை இருக்கு, மொதல்ல 260 கேபி, அடுத்து 240 கேபி. வரிசையா 200, 220, 50 கேபி கேட்டு மூணு ப்ராசஸ் வருது.

ஃபர்ஸ்ட் ஃபிட்: 200 போய் 260-ல உக்காருது, மிச்சம் 60. 220 போய் 240-ல, மிச்சம் 20. கடைசியா வந்த 50-க்கு அந்த 60 பத்துது. மூணு பேருக்கும் இடம்.

பெஸ்ட் ஃபிட்: 200-க்கு கச்சிதமா 240, மிச்சம் 40. 220-க்கு 260, மிச்சம் 40. கடைசி ஆள் 50 கேட்டு வர்றார். மொத்தம் 80 காலி. ஆனா ரெண்டு 40. இடமில்லைன்னு திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கச்சிதமா வைக்கிறேன்னு வெச்சா மிஞ்சுறது எதுக்கும் உதவாத துண்டு. துணிக்கடையில கட்பீஸ் மிஞ்சுற மாதிரி. சட்டைக்கும் பத்தாது, கைக்குட்டைக்கு அதிகம். இதைத்தான் எக்ஸ்டர்னல் ஃப்ராக்மென்டேஷன்-னு சொல்றாங்க. எண்களை மாத்திப் போட்டா பெஸ்ட் ஃபிட் ஜெயிச்சு ஃபர்ஸ்ட் ஃபிட் தோக்குற மாதிரியும் கணக்கு போடலாம், அது வேற விஷயம். வொர்ஸ்ட் ஃபிட் இன்னும் மோசம், இருக்கிற ஒரே பெரிய இடத்தை மொதல்ல வர்ற சின்ன ஆளுக்கே வெட்டிக் குடுத்துரும். அப்புறம் பெரிய ஆள் வந்தா கையை விரிக்கும்.

இது சும்மா பரீட்சைக்காக யாரோ கண்டுபிடிச்சது கிடையாது. 1960கள்ல ஐபிஎம் ஓஎஸ்/360-ல இதுதான் நிஜ வாழ்க்கை. எம்எஃப்டி-ன்னு ஒரு வகையில மெமரியை முன்னாடியே பாகம் பிரிச்சு வெச்சிருவாங்க. எம்விடி-ன்னு இன்னொண்ணுல, வர்ற வேலைக்கு ஏத்த மாதிரி வெட்டிக் குடுப்பாங்க. முழு ப்ராசஸும் சேர்ந்தாப்ல ஒரே இடத்துல உக்காரணும். 1968-ல டொனால்ட் நூத் தன்னோட புத்தகத்தோட முதல் வால்யூம்ல இதை அலசி, ஃபிஃப்டி பெர்சென்ட் ரூல்-னு ஒண்ணு சொன்னார். சிஸ்டம் ஓடி ஒரு நிலைக்கு வந்ததுக்கு அப்புறம், உபயோகத்துல 100 பிளாக் இருந்தா சுமாரா 50 ஓட்டை இருக்கும். நீங்க என்னதான் ஒழுங்கா வெச்சாலும், பாதிக்குப் பாதி ஓட்டை.

பேஜிங் வந்தப்புறம் ப்ராசஸ் அளவுல இந்தத் தலைவலி போயிருச்சு. 1962-ல மான்செஸ்டர்ல அட்லஸ் மெஷின்லயே பேஜிங் இருந்தது. மெமரியை ஒரே அளவு துண்டா வெட்டி, எந்தத் துண்டு எங்க கிடந்தாலும் ஒரு டேபிள் வெச்சு, ப்ராசஸ் கண்ணுக்கு எல்லாம் வரிசையா தெரியற மாதிரி காட்டிரலாம். அதாவது பஸ்ல அந்தக் குடும்பத்துல மூணு பேரும் மூணு மூலையில உக்காந்திருந்தாலும், பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாதிரியே தெரியும். நம்ம லேப்டாப்ல பொதுவா 4 கேபி பேஜ். கடைசிப் பேஜ்ல சராசரியா பாதி வீணாப் போகும், அவ்வளவுதான் நஷ்டம்.

அப்போ இதை ஏன்டா இன்னும் படிக்கணும்னு காலேஜ்ல நாங்க எல்லாரும் கேட்டோம். "கேள்வி வரும், படிங்க"ன்னு பதில் வந்தது. படிச்சோம்.

வேலைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சது, அது செத்துப் போகலை, வேற வீட்டுக்குக் குடி போயிருக்கு. சி-ல மாலக் கூப்பிடுறப்போ ப்ராசஸோட ஹீப்புக்குள்ள நடக்குறது இதே தேடல்தான். லினக்ஸ் கர்னல்ல சேர்ந்தாப்ல நாலு பேஜ், எட்டு பேஜ் வேணும்னா பட்டி சிஸ்டம்னு ஒண்ணு ரெண்டு ரெண்டா வெட்டிக் குடுக்கும், திரும்பி வந்தா ஜோடி சேர்த்து வெச்சுக்கும். அப்புறம் என்னை மாதிரி சின்ன சின்னப் பொட்டிக்கு உள்ளே போற சாஃப்ட்வேர் எழுதறவனுக்கு இது தினசரிச் சாப்பாடு. அங்க பேஜ் டேபிள் எல்லாம் கிடையாது. நாப்பது ஐம்பது கேபி ஹீப், அதுலதான் எல்லா டாஸ்க்கும் குடித்தனம்.

எங்க பொட்டி தோட்டத்து மோட்டாருக்கு. கிணத்து மேட்டுல ஸ்டார்ட்டர் பக்கத்துல மாட்டிட்டா, போன்ல இருந்தே மோட்டார் போடலாம், நிறுத்தலாம், கரண்ட் வந்துச்சா போச்சான்னு தெரிஞ்சுக்கலாம். ராத்திரி த்ரீ ஃபேஸ் வர்ற நேரத்துக்கு டார்ச் அடிச்சுட்டு வரப்புல நடக்க வேண்டாம். உள்ளே ஓடறது ஃப்ரீஆர்டிஓஎஸ். 2003-ல இருந்து இருக்கு, இந்த மாதிரிப் பொட்டிகள்ல ரொம்பப் பிரபலம்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் கூட ஹீப் 1-ல இருந்து ஹீப் 5 வரைக்கும் அஞ்சு மெமரி ஃபைல் வரும், வேணுங்கறதை நாமளே எடுத்துக்கலாம். ஹீப் 1 குடுக்கும், திருப்பி வாங்காது. ஹீப் 2 பெஸ்ட் ஃபிட். ஹீப் 3 கம்பைலரோட மாலக்கையே உபயோகிக்கும். ஹீப் 4 ஃபர்ஸ்ட் ஃபிட். ஹீப் 5 அதே மாதிரி, ஆனா தனித்தனியா இருக்கிற மெமரிப் பகுதிகளையும் சேர்த்துக்கும். ப்ராஜெக்ட் ஆரம்பத்துல இதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தது அடியேன்தான். எதை எடுத்திருப்பேன்னு நினைக்கறீங்க? பெஸ்ட்ன்னு பேர்லயே இருக்கே! :-)

பொட்டி ஃபீல்டுக்குப் போச்சு. பத்துப் பன்னெண்டு நாள் நல்லா ஓடும். அப்புறம் ஒருநாள் போனுக்குப் பதில் சொல்லாது. உள்ளே மத்ததெல்லாம் ஓடிட்டுத்தான் இருக்கும், அதனால வாட்ச்டாக்கும் தட்டி எழுப்பாது. போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும். அந்தியூர்ப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணார். கோபமே படலை. "தம்பி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வேலை செய்யுதுங்க. ஆனா ஆஃப் பண்றதுக்கு நான் தோட்டத்துக்குப் போவோணுமுங்க. தோட்டத்துக்குப் போறவன் மோட்டாரையே போட்டுட்டு வந்துருவனே, அப்புறம் உங்க பொட்டி எதுக்குங்க?"

பதில் இல்லை என்கிட்ட.

லாக் எடுத்துப் பார்த்தோம். டவர் போய்ட்டு வந்தப்புறம், சேர்த்து வெச்ச ரீடிங் எல்லாத்தையும் மொத்தமா அனுப்ப 2,048 பைட் பஃபர் கேட்கிற இடத்துல நிக்குது. அந்தக் கோட் எழுதினது டீம்ல புதுசா சேர்ந்த பையன். மீட்டிங்ல டேமேஜர், க்வாலிட்டி ஆளுங்க, எல்லாரும் இருக்காங்க. அவன் மெதுவா, "அண்ணா, மாலக் நல் தருதுண்ணா, மெமரி இல்லைன்னு நினைக்கிறேன்"னான்.

நான் லாக்கைக் காட்டினேன். ஃப்ரீ ஹீப் 21,000 பைட்டுக்கு மேல. பன்னெண்டு நாளும் அதே அளவுல ஆடாம நிக்குது. "21 கேபி காலியா இருக்கு, நீ கேட்கிறது 2 கேபி. மெமரி எப்படி இல்லாம போகும்? எங்கயோ எல்லை தாண்டி எழுதி ஹீப்பைக் கெடுத்து வெச்சிருக்கே. உன் கோடை மொதல்ல ஒழுங்கா பாரு"ன்னேன். குரலும் கொஞ்சம் ஏறிடுச்சு. அவன் ஒண்ணும் சொல்லலை. அடுத்த ரெண்டு வாரம் ராத்திரி பகலா உக்காந்து தன்னோட கோடை வரி வரியா பார்த்தான். ஒரு தப்பும் கிடைக்கலை. கிடைக்காது, ஏன்னா தப்பு அங்க இல்லை.

மூணாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை, வேற வழியில்லாம, ஹீப்புக்குள்ள இருக்கிற ஃப்ரீ லிஸ்ட்டை ஒவ்வொரு துண்டா நடந்து பிரிண்ட் பண்ற மாதிரி பத்து வரி எழுதி, நின்னு போன பொட்டியில ஓட விட்டேன். ஸ்க்ரீன் நிறைய வந்து கொட்டுச்சு. 16, 24, 32, 40, 88... முடியவே இல்லை. மொத்தம் 21,400 பைட், 190 துண்டு. இருக்கிறதுலயே பெரிய துண்டு 1,016 பைட்.

ஏழு சீட் காலி, மூணு பேர் நிக்கிறாங்க.

உக்காந்து ஹீப் 2 ஃபைலைத் திறந்து முழுசா படிச்சேன். மூணு வருஷம் முன்னாடியே படிச்சிருக்க வேண்டியது. பெஸ்ட் ஃபிட் தேடி, துண்டை வெட்டிக் குடுக்குது, சரி. திருப்பிக் குடுக்கும்போது? அப்படியே வாங்கி லிஸ்ட்ல சொருகிக்குது. பக்கத்துத் துண்டும் காலியா இருந்தா, ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கிற வேலையே கிடையாது. வெட்டுறது மட்டும்தான், ஒட்டுறது இல்லை. எங்க மெசேஜ் எல்லாம் 60 பைட்டும் வரும், 600 பைட்டும் வரும். ஒருநாள் கூட்டம் அதிகமானா பெரிய துண்டை வெட்டும். அது திரும்பப் பெரிசாகவே ஆகாது. பன்னெண்டு நாள் வெட்டினா என்ன மிஞ்சும்? கட்பீஸ் கடைதான். அளவு மாறி மாறிக் கேட்கிற இடத்துல இதை உபயோகிக்காதீங்க, பழைய ப்ராஜெக்ட்டுக்காக வெச்சிருக்கோம், ஹீப் 4 எடுங்கன்னு அவங்க டாக்குமெண்ட்லயே எழுதி வெச்சிருக்காங்க. நாமதான் பேரைப் பார்த்து மயங்கற ஆளாச்சே.

இன்னொரு விஷயமும் அன்னைக்குத்தான் உறைச்சது. லீக்னா மொத்தக் காலி இடம் நாளுக்கு நாள் குறையும். இங்க மொத்தம் குறையவே இல்லை. அதை நான் "மெமரி நல்லாத்தான் இருக்கு"ன்னு படிச்சேன். மொத்தம் ஒரே அளவுல நின்னு, உள்ளே சில்லறையா மாறிட்டே இருக்கலாம்னு தோணவே இல்லை. அதுவும் இந்த வியாதியில முதல்ல விழறது யாருன்னா, பெரிசா கேட்கிறவன்தான். சின்னதா கேட்கிறவங்களுக்குக் கடைசி வரைக்கும் கிடைச்சுட்டே இருக்கும். 190 துண்டு ஆனதுக்கு அந்தப் பையனோட பஃபருக்கு சம்பந்தமே இல்லை. அவன் 2 கேபி கேட்டான், அதனால அவன் பேர்ல விழுந்துச்சு. சில்லறை ஆக்கினதுல பெரும்பங்கு என்னோட மெசேஜ் க்யூ. ஹீப் 2 எடுத்ததும் நானே.

கண்டக்டர் மாதிரி துண்டுகளை நகர்த்தி சேர்த்துடலாமேன்னு கேட்கலாம். அதுக்குப் பேரு கம்பாக்ஷன். சி-ல அது நடக்காது. மாலக் அட்ரஸைக் கையில குடுத்தாச்சு, அதை யார் யார் எங்கெங்க எழுதி வெச்சிருக்காங்கன்னு ஹீப்புக்குத் தெரியாது. 14-ஆம் நம்பர் சீட்ல இருக்கேன்னு ஒருத்தர் ஊரெல்லாம் போன் போட்டு சொன்னப்புறம் அவரை 22-க்கு மாத்தினா, பார்க்க வர்றவங்க எல்லாம் 14-ல இருக்கிற வேற ஆளை எழுப்புவாங்க. லினக்ஸ் கர்னல்ல 2010-ல கம்பாக்ஷன் சேர்த்தாங்க. அங்க முடியும், ஏன்னா நடுவுல பேஜ் டேபிள் இருக்கு. ஆளை மாத்திட்டு டேபிள்லயும் மாத்தி எழுதிட்டா ப்ராசஸுக்கு எதுவும் தெரியாது. எங்க பொட்டியில அந்த டேபிள் இல்லை. உக்காந்தவர் உக்காந்தவர்தான்.

ஹீப் 4-க்கு மாத்தினேன். அது ஃபர்ஸ்ட் ஃபிட், ஆனா லிஸ்ட்டை அட்ரஸ் வரிசையில வெச்சுக்கும். அதனால ஒரு துண்டு திரும்பி வந்தா முன்னாடி பின்னாடி பக்கத்து வீடு காலியான்னு உடனே பார்த்து ஒட்டிரும். கூடவே அந்த 2 கேபி பஃபரை பூட் ஆகும்போதே ஒரு தடவை வாங்கி வெச்சுக்கற மாதிரி மாத்தினோம். பஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிக்கறதுதான். அதுக்கப்புறம் அந்தப் பிரச்சனையில ஒரு போன் கூட வரலை.

அப்போ பெஸ்ட் ஃபிட்தான் வில்லனான்னா, அதுவும் இல்லை. 1998-ல ஜான்ஸ்டோன், வில்சன்-னு ரெண்டு பேர் நிஜமான ப்ரோக்ராம்களை எடுத்து அளந்து பார்த்தாங்க. பெஸ்ட் ஃபிட்டும், அட்ரஸ் வரிசையில தேடற ஃபர்ஸ்ட் ஃபிட்டும் ரெண்டுமே ரொம்ப நல்லா இருந்தது, வீணாப் போனது ரொம்பக் கம்மி. ஆனா ரெண்டுலயும், திரும்பி வர்ற துண்டை உடனுக்குடனே பக்கத்துத் துண்டோட சேர்த்துட்டே இருக்கணும். எங்க வைக்கிறதுங்கறதை வெச்சு நாங்க பக்கம் பக்கமா படம் போட்டு மார்க் வாங்கினோம். எழுந்து போறப்போ அந்த இடத்தை என்ன பண்றதுங்கறதுக்கு என் நோட்ல ஒரே ஒரு வரிதான் இருந்தது. பொட்டி விழுந்தது அந்த ஒரு வரியில.

திங்கட்கிழமை காலையில மறுபடியும் மீட்டிங். அந்த 190 துண்டு லிஸ்ட்டைக் காட்டி, "இவன் முதல் நாளே சரியாத்தான் சொன்னான், மெமரி இல்லைன்னு. ஹீப்பை தப்பா எடுத்தது நான், இவன் கோட்ல தப்பில்லை"ன்னு சொன்னேன். திட்டினது எல்லார் முன்னாடியும், அதனால இதுவும் எல்லார் முன்னாடியும்தான் இருக்கணும்னு பட்டுச்சு. டேமேஜர் "சரி சரி, ரிலீஸ் எப்போ?"ன்னார். அவரு கவலை அவருக்கு.

டீ குடிக்கப் போறப்போ அந்தப் பையன், "அண்ணா, அன்னைக்கு எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணா. 21 கேபி காலின்னு நீங்க காட்டினதும், நான்தான் ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன்"னான். அவன் கோவிச்சிருந்தா கூட பரவாயில்லைன்னு இருந்தது. சரியாச் சொன்னவனை, அது தப்போன்னு ரெண்டு வாரம் நினைக்க வெச்சிருக்கேன். அதுக்கு எந்த ஹீப் மாத்தறது?

அந்தியூர்ப் பெரியவருக்கு நானே போன் பண்ணி, புது சாஃப்ட்வேர் போட்டாச்சுங்க, இனிமே நிக்காதுன்னு சொன்னேன். "அப்ப இன்னைக்கு ராத்திரி படுத்து தூங்கலாமுங்களா?"ன்னார். தூங்குங்கன்னேன். நானும் அன்னைக்குத்தான் தூங்கினேன்.

பஸ்ல அந்தக் குட்டிப் பொண்ணு புளியம்பட்டி வரும்போது அம்மா மடியில தலை வெச்சு, அப்பா மேல காலைப் போட்டு நல்லா தூங்கிட்டு வந்தது. மூணு சீட் சேர்ந்தாப்ல இருந்தாத்தான் அது முடியும்.

பி.கு: உங்க ப்ரோக்ராம்ல மாசக்கணக்கா ரீஸ்டார்ட் பண்ணாம ஓடற சங்கதி ஏதாவது இருந்தா, மொத்தக் காலி இடத்தை மட்டும் லாக் பண்ணாதீங்க. இருக்கிறதுலயே பெரிய துண்டு எவ்வளவுன்னும் சேர்த்து ஒரு வரி எழுதுங்க. அந்த ஒரு வரி என் லாக்ல இருந்திருந்தா, இதை எழுத வேண்டியதே வந்திருக்காது. சரி, ஆணி காத்துட்டு இருக்கு. வர்ட்டா?